பவுடர் பூசிக்கொள்ளாமல் போன பிராகோ

இல்லை ஃப்ரேமா, பிராகோ அந்தச் சிவப்புக் கார்க்காரனோடு ஓடிப்போகவில்லை. நீ போன் கார்டு விற்கிற குடைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தது ஒன்று, இந்தச் சுவாமே பட்டறைப் பேட்டை முழுக்கப் பரப்பினது வேறொன்று. "கார்ல ஏறினாளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்கம்மா" என்கிறாய். ஏறினாள். நானும் பார்த்தேன். உன் குடையைவிட, அரிசியும் அவரைப்பயறும் வேகிற என் வாச்சே சோற்று அண்டாதான் என்சியாவின் கார்ப் பட்டறை வாசலுக்குக் கிட்டே இருக்கிறது. பார்த்ததைச் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

என்சியா அவளுக்குத் தாய்மாமன். எங்கள் ஜனத்தில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது அப்பன், மற்ற எல்லாம் மாமன். அந்தப் பட்டறையும் ஒருநாள் அவளுக்கு வரவேண்டியதுதான். மாமனிடமே தொழில் பழகினாள். பழகி முடித்தால் மட்டும் போதுமா? மாஸ்டர் விடுவிக்க வேண்டும். முழங்காலிட வைத்து, மதுவைத் தரையில் ஊற்றி வேண்டிக்கொண்டு, தலையில் வெள்ளைப் பவுடரைக் கொட்ட வேண்டும். அதுவரைக்கும் வண்டிக்காரரிடம் கோளாறைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசுவது மாஸ்டர் வாய் மட்டும். பவுடர் விழாத ஆளுக்கு சுவாமேயில் யாரும் ஒரு சக்கரத்தைக்கூட நம்பிக் கொடுக்கமாட்டார்கள்.

பிராகோவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று குறித்திருந்தது. வெள்ளைத் துணி தைத்தாயிற்று. சமையல் என் பொறுப்பு.

அந்த வாரம் பார்த்துத்தான் அந்தக் கார் வந்தது. சிமெண்டு வியாபாரி போவாடியின் சிவப்புக் கார். இரண்டே கதவு, தரையை உரசிக்கொண்டு போகும், பந்தயத்துக்குப் பிறந்த மாதிரி. ஆனால் நெடுஞ்சாலையில் மிதித்தால் யாரோ கழுத்தை நெரிக்கிற மாதிரி திணறுமாம். பின்னாலே அழுகின முட்டை நாற்றம். என்சியா குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"தேனடை அடைச்சுக்கிச்சு. அறுத்துப் போட்டுட்டு நேர்க்குழாய் வச்சிரலாம்" என்றார்.

தேனடை என்று இங்கே சொல்வது கன்வெர்ட்டரை. புகைக்குழாய் நடுவில் இருக்கும் பெட்டி. உள்ளே பொடிப்பொடி ஓட்டையாக இருக்கும், புகை அதில் நுழைந்து சுத்தமாகி வெளியே வரும். சுவாமேவுக்கு வருகிற வண்டிகளில் பாதிக்கு அது கிடையாது. திணறினால் அறுப்பார்கள். உள்ளே விலையுள்ள உலோகம் இருப்பதால், அறுத்ததை வாங்க ஆள் தராசோடு சுற்றிக்கொண்டே இருப்பான்.

"அடைச்சிருக்கும், சரி மாமா. எதனால அடைச்சுது?" என்று கேட்டாள் பிராகோ.

"அடைக்கிறதுதான் அதோட வேலை. ரம்பத்த எடு."

அவள் ரம்பத்தை எடுக்கவில்லை. காருக்கு அடியில் போய் ரப்பர் சுத்தியலால் பெட்டியைத் தட்டினாள். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டினமாதிரி சத்தம் என் அடுப்புவரை கேட்டது. உள்ளே உடைந்திருக்கிறது. பிறகு பெட்டிக்கு முன்னால் குழாயில் திருகியிருந்த சென்சாரைக் கழற்றினாள். அந்தத் துளை வழியாகப் புகை வெளியேறினால் கார் மூச்சுவிடுமா என்று பார்க்கவேண்டுமாம். போவாடியைப் பக்கத்தில் உட்காரவைத்து அவளே ஓட்டிப்போனாள். அன்றைக்குத்தானே ஃப்ரேமா நீ பார்த்தாய்? துளை திறந்திருந்ததால் தெருவே அதிர்ந்தது. நீ குடையைவிட்டு எழுந்து நின்றாய், கையில் இருந்த கார்டெல்லாம் சாக்கடையில். ஆசை வைத்தவனோடு போகிறவள் ஊரையே கூப்பிட்டுக் காட்டிவிட்டா போவாள்?

திரும்பி வந்தவள் முகத்தில் சிரிப்பு இல்லை. என்னிடம் வந்து தட்டை வாங்கி நின்றுகொண்டே அளைந்தாள்.

"உக்காந்து தின்னுடி. வண்டி ஓடியா போயிரும்?"

"ஓடமாட்டேங்குதே பெரியம்மா, அதுதானே வியாதி! இப்ப இழுக்குது, நல்லாவே இழுக்குது. ஆனா நடுவுல ஒரு விக்கல். அடைப்புதான்னா விக்கல் எங்கிருந்து வருது?"

பாதிச் சோற்றை வைத்துவிட்டு ஓடினாள். பிளக் நாலையும் கழற்றிக் கொண்டுவந்து என் பெஞ்சு ஓரத்திலேயே பரப்பினாள். மூன்று காய்ந்து செங்கல் நிறத்தில் இருந்தன. ஒன்று கறுத்து, ஈரமாக, பெட்ரோல் வாடை அடித்தது.

"இது பத்தவே இல்ல. எரியாத பெட்ரோல் குழாய்க்குள்ள போய் தேனடையில எரியுது. அது உருகித்தான் அடைச்சிருக்கு. தேனடை செத்தது பெரியம்மா, கொன்னது வேற."

"அப்ப யாரு கொன்னது?"

அந்தப் பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற காயிலைப் பக்கத்துப் பிளக்குக்கு மாற்றி மாட்டினாள். வண்டியை ஓடவிட்டுக் கழற்றிப் பார்த்தால் ஈரமும் அங்கே போயிருந்தது. கொன்றது காயில்தான். அவள் அந்தக் காயிலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஈஸ்டருக்கு முன்னால் அதை மாட்டியது என்சியா. நசுங்கிக் கிடந்த ஏதோ வண்டியிலிருந்து கழற்றினது. போவாடியிடம் புதுசு என்று சொன்னது. மண்ணெண்ணெயில் துடைத்துப் பளபளப்பாக்கித் தந்தவள் இவளேதான்.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பட்டறைக்குள் போவாள், வருவாள், என் தண்ணீர்ப் பானையைத் திறப்பாள், குடிக்காமலே மூடுவாள். தெரியாமலா இருந்தது அவளுக்கு? வாயை மூடிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை பவுடர். திறந்தால் மாமன் பொய் சொன்னது தெருவுக்கு வரும்.

மறுநாள் போவாடி வந்து வாசலிலேயே நின்றார். "மாஸ்டர், அறுத்தாச்சா? நாளைக்கு மம்பாங்ல சாவு. அம்மாவ இதுலதான் கூட்டிட்டுப் போறேன்."

"அறுத்து நேர்க்குழாய் போட்டுத் தந்துடறேன். பறக்கும்" என்றார் என்சியா.

பிராகோ மெதுவாகத்தான் சொன்னாள். "மாமா, அந்தக் காயிலையும் மாத்திரலாம்."

"ரம்பம் எங்க?"

"மாமா, பெட்டி இல்லேன்னா அந்தப் பெட்ரோல் பின்னால போய் எரியும். சீட்டுக்கு அடியில. கெழவி உக்காரப்போற சீட்டு."

போவாடி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "என்ன காயில்? ஈஸ்டருக்குப் புதுசு போட்டீங்களே?"

என்சியா மருமகளைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில், கெஞ்சல் மாதிரி இருந்தது. நான் அண்டாவில் கரண்டியை அப்படியே விட்டுவிட்டேன்.

"புதுசு இல்லீங்க. பழசு. நான்தான் தொடச்சுக் கொடுத்தேன். இந்த வண்டியில அம்மாவ ஏத்தாதீங்க" என்றாள் பிராகோ.

"உன்ன யாருடி விடுவிச்சா?" என்சியாவின் குரல் உடைந்தது. "வண்டிக்காரன்கிட்ட பேச யார் உன் தலையில பவுடர் கொட்டினா? நானா? இனி கொட்டுவேன்னு நெனக்கிறியா?"

"கொட்டமாட்டீங்க, தெரியும் மாமா."

ரப்பர் சுத்தியலை, மாமனுடையதுதான் அது, துடைத்து மேசைமேல் வைத்தாள். சட்டைமேல் போட்டிருந்த எண்ணெய் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். போவாடி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்புக் கார் அங்கேயேதான் நின்றது, ஃப்ரேமா, எஞ்சின் மூடி திறந்தபடி. அவள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்து வெளியே வந்தாள்.

என் அண்டா முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள்.

"பெரியம்மா, ஞாயித்துக்கெழமைக்கு அவரைப்பயறு ஊறப்போட்டுட்டீங்களா?"

"காலையிலதான் போட்டேன்."

"இன்னைக்கே வேகவச்சு வித்திருங்க. புளிச்சிரும்."

வலப்பக்கம் திரும்பி, பஸ் நிற்கிற பெரிய ரோட்டுப் பக்கம் நடந்துபோனாள். நடந்துதான்.