என் கணவர் நம்பருக்குப் போன ஓடிபி

மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழை அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் கல்லூரி வெப்சைட்டில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சான்றிதழ் தயாராகத்தான் இருந்தது. அதை அரசாங்க வெப்சைட்டிலிருந்து எடுக்க ஓடிபி வேண்டும். அது போனதோ என் கணவருடைய பழைய நம்பருக்கு. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ரீசார்ஜ் செய்யாமல் நாங்கள் விட்டுவிட்ட நம்பர்.

எங்கள் ஊர் கோரமண்டல் ரயில் ஸ்டேஷன் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"நம்பர் மாத்தணும்னா கோலார்ல மாவட்ட ஆபீஸுக்குப் போங்கக்கா. மாத்தினாலும் ஏற நாலஞ்சு நாள் ஆவும்."

"பேப்பர்ல குடுக்க மாட்டாங்களா?"

"இப்போ எல்லாமே ஆன்லைன்தான்க்கா."

மணி மூன்றரை. வேறு வழி தெரியாமல் அந்த நம்பருக்கே போன் போட்டேன். யாரோ ஒரு ஆள் எடுத்தார். நம்பர் இப்போது அவருடையதாகியிருந்தது. "உங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, ஏமாற்றுக்காரர்களும் இப்படித்தானே கேட்பார்கள் என்று. போலீஸுக்குச் சொல்வேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அப்புறம் எடுக்கவே இல்லை.

சென்டர் பெண்ணின் போனிலிருந்து போட்டேன். இந்த முறை அவர் மனைவி. எனக்கு அழுகை வந்து, பேச்சு தமிழுக்குத் தாவிவிட்டது.

"இது எங்க வீட்டுக்காரர் நம்பர்மா. அவர் இப்போ இல்ல. பொண்ணு படிப்பு போயிடும்."

"இருங்க, பாக்கறேன்" என்றாள். பிறகு உடைந்த தமிழில் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். அடித்து முடிப்பதற்குள் காலாவதி என்று வந்தது. மறுபடி அனுப்பினோம், லைனிலேயே இருந்து மறுபடி படித்தாள். அதற்குப் பிறகு பக்கம் திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற மகள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். சான்றிதழ் வந்து சேர்ந்தபோது ஐந்தே கால். கல்லூரி வெப்சைட் மூடியிருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மா தானே கூப்பிட்டாள்.

"உங்களுக்கு மெசேஜ் வந்திருக்கு. சேவை எப்படி இருந்துச்சுன்னு கேக்குது. அஞ்சுக்கு எத்தனை போடட்டும்?"

நான் வாய் திறப்பதற்குள் அவளே அடுத்ததைக் கேட்டாள்.

"பாப்பாவுக்கு சீட் கெடச்சுதா?"

"இல்லமா."

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றாள். மகள் அன்று காலைதான் பெங்களூர் ரயிலில், ஒரு துணிக்கடை வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.