தாய் வகுப்பில் எழுதியது

நோர்வேயின் பேர்கனில் என் மேலதிகாரி இங்ரிட் முதல் நாளே என்னை "யோசேப்" என்று வெறும் பெயரால் கூப்பிட்டாள். என்னைவிடப் பதினாறு வயது இளையவள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். துறைமுகத்துக்கு வந்துபோகும் கலங்களைத் திரையில் காட்டும் மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. நிரலில் 'கப்பல்' என்று ஒரு தாய் வகுப்பு, அதாவது பொது அச்சு. அதன் கீழே பயணிகள் கப்பல், இழுவைப் படகு, பார்ஜ் என்று மூன்று பிள்ளை வகுப்புகள். தாயில் எழுதும் செயல் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தானாகப் போய்ச் சேரும். நான் 'புறப்படு' என்ற செயலைத் தாயில் எழுதிவிட்டேன். பார்ஜுக்கு இஞ்சின் இல்லை; இன்னொன்று இழுத்தால்தான் நகரும். திரையிலோ நான்கு பார்ஜுகள் தாமாகவே புறப்பட்டுப் போயின.

"எல்லாப் பிள்ளைகளாலும் முடிந்தால்தான் தாயில் எழுதலாம். ஒவ்வொன்றாகப் பார்த்தாயா?" என்றாள் இங்ரிட்.

"எங்கள் ஊரில் பார்ப்பதில்லை. தாய் செய்வதைப் பிள்ளைகள் செய்வார்கள்" என்றேன், அரைகுறை நோர்வே மொழியில்.

"எந்தத் துறைமுகம்?"

"திருகோணமலை."

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். நான் செயலை இஞ்சின் உள்ள இரண்டு வகுப்புகளுக்கு மட்டும் இடம் மாற்றினேன். நாற்பது நிமிட வேலை.

என் மனைவி பிலோமினா பேர்கனில் இறந்தபோது, அவள் கேட்டபடியே திருகோணமலைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். மரித்த ஆத்துமாக்களின் நாளில் எங்கள் ஆட்கள் சேமக்காலையில் கூடி, கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். எங்கள் குடும்பத்தில் அவரவர் திரியை அவரவரே வந்து ஏற்ற வேண்டும்; ஒருவருடையதை இன்னொருவர் ஏற்றுவதில்லை. தன் தாய்க்கு ஏற்றவென்று பிலோமினா பதினொரு தடவை பறந்து வந்தவள். பிலோமினா போன பின் முதல் இரண்டு வருடமும் மகள் ஜெனி என்னோடு வந்து பேசாமல் நின்றாள். அதைச் சம்மதம் என்று எண்ணி, இந்த வருடமும் இரண்டு விமானச் சீட்டு எடுத்தேன். வந்தது நான் மட்டும். திருகோணமலை லிங்கநகரில் அறை எடுத்துக்கொண்டு அவளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"என்னைக் கேட்டோ சீட்டு எடுத்தனீங்கள், அப்பா?"

"அம்மாவுக்குத்தானே, பிள்ளை. இதில கேக்க என்ன கிடக்கு?"

"அங்க வந்தா எனக்கு ஒரு கல்லுத்தான் தெரியுது. அம்மா இஞ்ச, எங்கட குசினியில, அடுப்புக்குப் பக்கத்தில இருக்கிறா. என்னால ஏலாது அப்பா."

அவள் அழுதாள். பிழை அவளில் இல்லை. இந்தத் தடவையும் பிள்ளையைப் பார்க்காமல் தாயில் எழுதியவன் நான். இதை இடம் மாற்ற நாற்பது நிமிடம் போதாது.

அன்று மாலை சேமக்காலையில் என் திரியை ஏற்றினேன். ஜெனியுடையது பையிலேயே கிடந்தது. சேமக்காலைப் பொறுப்பாளர் சவிரிமுத்து பதிவேட்டோடு வந்தார்.

"ஐயா, அம்மாவுக்குப் பக்கத்தில ஒரு இடம் கிடக்கு. உங்கட பேரை எழுதட்டோ?"

நான் பக்கத்திலிருந்த வெறும் நிலத்தைப் பார்த்தேன்.

"இப்ப படுக்கச் சொல்லேல்லை, ஐயா. பேரைத்தான் கேட்டனான்."

இங்கே படுத்தால் எங்கள் இருவருக்கும் திரி ஏற்ற ஒருவருமில்லை. பேர்கனில் படுத்தால் மகள் சிலவேளை பஸ் ஏறி வருவாள். பிலோமினா இங்கே தனியே கிடப்பாள். இரண்டையும் ஆறு தடவை மாறி மாறி எண்ணிப் பார்த்தேன்.

"எழுதுங்கோ."

அவர் பேனையைத் திறந்தார்.

"பென்சிலால எழுதுங்கோ, சவிரி."