நல்லகாமனின் எண்ணெய்க்கல்

சிம்மக்கல்லில் உளி தீட்டிக் கொடுக்கும் பேயாண்டியின் இடது முன்கையில் ஒரு முடிகூட இருக்காது. தீட்டிய உளியை அங்கேதான் மழித்துப் பார்ப்பார். வேலை மிகுந்த நாட்களில், மனைவி கனகலட்சுமி முகம் சுளிக்க, கெண்டைக்காலுக்கும் இறங்குவார்.

கூர் இருக்கட்டும், அவருடைய பெருமை முனை கோணாமல் நேராக இருப்பதில் இருந்தது. அவர் தீட்டிய உளிமுனையில், தச்சர்கள் நேர் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்தால் இடுக்கில் வெளிச்சம் புகாது. இப்பேர்ப்பட்ட பெருமைக்கு ஓர் எதிரி வேண்டுமல்லவா? திருமங்கலத்தில் அதே தொழில் செய்த நல்லகாமன் வாய்த்தார். இடது தோள் சரிந்த மனிதர். அவர் தீட்டும் முனையும் இடப்புறம் சரியும்.

"அவன் தீட்டுனத கண்ண மூடிக்கிட்டே சொல்லிருவேன்யா. கோண உளி!" என்று பேயாண்டி டீக்கடை டீக்கடையாக அறிவித்துவந்தார்.

நல்லகாமன் தை மாதம் இறந்துபோனார். ஒருவர் தீட்டிய கல்லில் இன்னொருவர் தீட்டுவதில்லை என்பது தொழில் வழக்கம். ஆனால் கருமாதிக்குப் போன இடத்தில் நல்லகாமன் உளி தீட்டிவந்த மழமழப்பான எண்ணெய்க்கல்லைப் பார்த்ததும், பேயாண்டி துக்கத்தோடு துக்கமாகக் கேட்டுவிட்டார்.

"கொண்டு போங்கண்ணே," என்றார் நல்லகாமனின் மனைவி இருளாயி. "அவரு கை அதுலதான் இருக்கு."

அடுத்த வாரமே தச்சுவேலை செய்யும் ஜெயபாண்டி, பேயாண்டி அந்தக் கல்லில் தீட்டிக் கொடுத்த உளியோடு திரும்பி வந்தார்.

"என்னண்ணே, கோணலா இருக்கு?"

"யாரு தீட்டுனதுன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

மூலைமட்டத்தை வைத்தார்கள். இடது ஓரத்தில் வெளிச்சம் புகுந்தது.

"நல்லகாமண்ணன் தீட்டுனாப்லயே இருக்கு. செத்தும் போட்டிக்கு வாராரோ?"

பேயாண்டி சிரிக்கவில்லை. கல்லை உற்றுப் பார்த்தார். நல்லகாமனின் கை தேய்த்துத் தேய்த்து இடப்புறம் குழி விழுந்திருந்தது. "இம்புட்டுத்தானா!" சிமெண்ட் தரையில் ஈரமணலைப் பரப்பிக் கல்லைச் சமமாகத் தேய்த்தார். பிறகு உளியைத் தீட்டினார். கோணல். தன் சொந்தக் கல்லில் தீட்டினார். அதிலும் கோணல்.

டீ கொண்டுவந்த கனகலட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க இப்படிச் சாஞ்சு உக்காந்திருக்கீக?"

"நேராத்தானடி உக்காந்திருக்கேன்."

அவள் கண்ணாடியை எடுத்துக் காட்டினாள். இடது தோள் இறங்கியிருந்தது. வலது கையால் தூக்கி நிறுத்தினார். நின்றது. பிறகு, யாரோ பின்னாலிருந்து பொறுமையாக அழுத்துவதுபோல், மெல்ல இறங்கியது.

சிம்மக்கல் தச்சர்கள் ஒவ்வொருவராக மெஷினில் சாணை பிடிக்கும் கடைக்கு மாறினார்கள். அதற்காகத் தொழில் படுத்துவிடவில்லை. திருமங்கலத்துக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அந்தக் கோணலில்தான் கை பழகியிருந்தது.

ஒருநாள் பட்டப்பகலில், துபாயிலிருந்து ஊர் திரும்பிய திருமங்கலத்துப் பால்பாண்டி முதுகுப்புறமிருந்து கூப்பிட்டான். "நல்லகாமண்ணே! கடைய இங்கிட்டு மாத்திட்டீகளா?"

'நான் பேயாண்டி' என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"வச்சிட்டுப் போ மாப்ள," என்றது வாய்.

பிறகு உளியைத் தீட்டி, நல்லகாமன் செய்வதைப்போலவே கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பதம் பார்த்தார். இடது முன்கையில் முடி கருகருவென்று வளர்ந்திருந்தது.