ஒரே வெட்டுக்கு இரண்டு தீர்ப்பு

ரெட்டியார்பாளையத்தில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து மூளை வெட்டிக்கொண்டிருந்தோம். பயந்துவிட வேண்டாம், ரத்தம் கிடையாது. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் ஸ்கேன் எடுத்த தலைகள் எங்களுக்குக் கம்ப்யூட்டர் படமாக வரும். மூளையின் மேற்பரப்பு கசங்கிக் கிடக்கும். அதை மென்பொருள் ஊதிப் பெரிதாக்கிக் கொடுக்கும். ஆனால் உருண்டையாக இருப்பதை அப்படியே தட்டையாக்க முடியாது. பழைய ரப்பர் பந்தைக் காலால் மிதித்துப் பாருங்கள், சுருங்கும். கத்தரியால் அங்கங்கே நறுக்கிவிட்டால் படிந்துவிடும். அந்த நறுக்குகளை எங்கே போடுவது என்பதுதான் எங்கள் வேலை.

அவற்றில் ஒரு வெட்டு, பார்வைக்கான பகுதியின் நடுவே ஓடும் பள்ளத்தின் அடிமட்டத்திலேயே போக வேண்டும். கொஞ்சம் கரையேறினாலும் போச்சு. தட்டையாக்கும்போது ஒரு பக்கம் இழுபட்டு, படத்தில் அந்த இடம் சிவப்பாகிவிடும். நான்தான் அங்கே சீனியர். எல்லாருடைய வெட்டும் என் பார்வைக்கு வந்துதான் வெளியே போகும். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

ஐந்தாவதாக வந்து சேர்ந்தவரை நாங்கள் டீச்சர் என்று கூப்பிட்டோம். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். வில்லியனூரைத் தாண்டி ஊர், வீட்டில் விவசாயம். தனியார் பள்ளியில் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தவர்.

"நோட்டீஸ் குடுக்காம நின்னுட்டேன்னு அங்க கோவம் மேடம். இனிமே சேத்துக்க மாட்டாங்க. இந்த வேல நெலைக்கணும்" என்றார் முதல் நாளே.

நிலைப்பதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. பயிற்சிக் காலத்தில் இருபது மூளைப் பாதிகளை வெட்ட வேண்டும். ஐந்துக்கு மேல் திரும்பி வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். திருப்பி அனுப்புவது என் கையில் இருந்தது.

டீச்சரின் முதல் வெட்டைத் திறந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. நான் பன்னிரண்டு புள்ளி வைத்து, இரண்டு தடவை அழித்து, மூன்றாம் தடவை போடும் கோட்டை அவர் ஆறே புள்ளியில் போட்டிருந்தார். பள்ளத்தின் அடியிலிருந்து ஒரு இழைகூட விலகவில்லை. தட்டையாக்கினால் சிவப்பு எங்கேயும் இல்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை. எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"தெரியல மேடம். பள்ளம் எங்க போவுதோ அங்கயே போனேன்."

அடக்கமாகத்தான் சொன்னார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவதைத் திருப்பி அனுப்பினேன். காரணம் எழுதும் கட்டத்தில் 'பள்ளத்தின் அடியில் இல்லை' என்று எழுதினேன். பச்சைப் பொய். டீச்சர் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எந்த எடம்னு மட்டும் காட்டுங்க மேடம். திருத்திக்கிறேன்."

"காட்டிக்கிட்டே இருந்தா நீங்க எப்பக் கத்துக்கிறது? ஸ்கூல்ல பசங்களுக்கும் இப்பிடித்தான் ஊட்டி வுட்டீங்களா?"

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அவர்களைச் சிரிக்க வைக்கத்தான் சத்தமாகச் சொன்னேன். டீச்சர் முகம் சுண்டிப்போய் எழுந்து போனார். நன்றாக இருந்த வெட்டைத் திருத்துகிறேன் என்று கெடுத்து அனுப்பினார். அது பார்க்க என்னுடைய வெட்டைப் போலவே இருந்தது. ஓகே போட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு அது ருசித்துவிட்டது. ஏழாவது, பத்தாவது, பதினொன்றாவது என்று திருப்பினேன். மறுபடி வருவதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஓகே போடுவேன். டீச்சர் மத்தியானத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு திரையையே வெறித்துக்கொண்டிருப்பார். "சாப்புடுங்க, மூள எங்கயும் ஓடிடாது" என்பேன். பதினான்காவதைத் திருப்பியபோது ஐந்து ஆகிவிட்டது. இன்னும் ஒன்று போதும்.

பதினான்காவது அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. வழக்கம்போல் ஓகே போட்டேன். டீச்சர் எழுந்து நேராக முதலாளி அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள்.

முதலாளியின் திரையில் இரண்டு கோப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் திறந்திருந்தன. புள்ளிமேல் புள்ளி அச்சாக உட்கார்ந்திருந்தது.

"நான் ஒன்னுமே மாத்தல ஸார். ஃபைல் பேர மட்டும் மாத்தி அனுப்புனேன்" என்றார் டீச்சர். "அர மணி முன்ன தப்புன்னாங்க, இப்ப சரின்றாங்க. ரெண்டும் ஒரே வெட்டு."

முதலாளி பிரான்சில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். "போன்" என்று, அதாவது பிரெஞ்சில் 'சரி' என்று, தொடங்காமல் அவருக்குப் பேச்சு வராது.

"போன், நீங்க இன்னா சொல்றீங்க?" என்று என்னைப் பார்த்தார்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"திருத்தச் சொன்னா, திருத்தாமயே திருத்துன மாதிரி பேர மாத்தி அனுப்பியிருக்காங்க ஸார். நம்பி ஓகே போட்டேன். எங்கிட்டயே இப்பிடின்னா, நாளைக்கு வெளிநாட்டுக்காரங்கள ஏமாத்த எவ்ளோ நேரம் ஆவும்?"

முதலாளிக்கு மூளையில் பள்ளம் எது மேடு எது என்று தெரியாது. வெளிநாட்டு வாடிக்கையாளர் கைவிட்டுப் போய்விடுவார் என்ற பயம் மட்டும் தெரியும். அந்த வெட்டு சரியா தப்பா என்று அவர் கேட்கவே இல்லை. டீச்சர் தான் கொண்டுவந்த சாட்சியே தன்மேல் பாய்வதை வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்பதை மட்டும் முதலாளி பிரெஞ்சு கலக்காத சுத்தத் தமிழில் சொன்னார்.

டீச்சர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் மாடிப்படி வரை பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்க அல்ல. போவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. பாதிப் படியில் நின்று திரும்பினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"வேல போனது போவட்டும் மேடம். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லுங்க, அந்த வெட்டு சரியா, தப்பா? சரின்னு நெனச்சித்தான் மாத்தாம அனுப்புனேன். இப்ப எனக்கே தெரியல."

படியில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. டீச்சர் திரும்பி வரப்போவதும் இல்லை. இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

"தப்புதான்" என்றேன்.

டீச்சர் மெல்லத் தலையாட்டினார்.

"அப்ப நான்தான் உங்கள வீணா சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வச்சிக்காதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.