சுவரைத் தாண்டாத கிட்டார்: சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு ஒரு மெட்டல் மதியம்

2012 அக்டோபர் நீண்ட வார இறுதியில் நாங்கள் மெல்பர்ன் போனதற்கு ஊர் சுற்றிப் பார்ப்பது காரணமில்லை. எனக்குப் பிடித்த ஒரு மெட்டல் பாண்ட், அதாவது இசைக்குழு, கலைவதாக அறிவித்திருந்தது. (பெயர் வேண்டாம். தேடிக் கேட்டுவிட்டு என்னைத் திட்ட வருவீர்கள்.) சிட்னிக் கச்சேரி வார நாள் இரவில். ஏழு மாதக் குழந்தை யாழினியை வைத்துக்கொண்டு அது நடக்காது. மெல்பர்னில் மட்டும் ஞாயிறு மதியம் ஒன்று இருந்தது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளும் வரலாம் என்பதற்காக மதுக்கடையை மூடிவிட்டு நடத்தும் மதியக் கச்சேரி. இந்த இசைக்காரர்களிடம் இருக்கும் நல்ல வழக்கம் அது. டிக்கெட் 38 டாலர். ஒன்றுதான் வாங்கினேன். என் கணவர் கார்த்திக் கரகாட்டம் வரைக்கும் ரசிப்பார், அதற்கு மேல் இல்லை.

அது என்ன இசை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் மெலடிக் மெட்டல்கோர் என்பார்கள். தொண்ணூறுகளில் ஸ்வீடனில் கோத்தன்பர்க் என்ற ஊரில் சில பையன்கள் உறுமும் குரலையும் அதிவேக டிரம்ஸையும் வைத்துக்கொண்டே, அதன் மேல் இரண்டு கிட்டார்களைப் பாடவிட்டார்கள். அமெரிக்காவில் வேறு சிலர், பங்க் ராக் இசையின் கோபத்தோடு மெட்டலைக் கலந்து, பாட்டின் நடுவில் தாளத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கி இடிப்பதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டும் கலந்து பிறந்தது இது. சரணத்தில் கத்துவார்கள், பல்லவியில் உருகிப் பாடுவார்கள். ஆனால் உயிர் அந்த இரட்டைக் கிட்டாரில்தான். ஒருவர் ‘ஸ’வில் நின்றால் மற்றவர் ‘க’வில் நிற்பார். அவர் நகர்ந்தால் இவரும் அதே இடைவெளியில் நகர்வார். ஸ்வரங்கள் பெரும்பாலும் நடபைரவி. அதனால்தானோ என்னவோ, இவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் அழுகை வருகிறது.

கோவையில் பொறியியல் படிக்கும்போது நானும் என் தோழி ப்ரியாவும் இந்தப் பாண்டின் பாட்டு ஒன்றைச் சேர்ந்து வாசிப்போம். அவள் மேல் வரி, நான் கீழ் வரி. அவள் இப்போது டெக்சாஸில் இருக்கிறாள், கிட்டாரை விற்றுவிட்டாள். சிட்னியில் எங்கள் ஹோம்புஷ் ஃபிளாட்டில், யாழினி தூங்கும்போது, ஒலிபெருக்கி போடாமல் என் வரியை மட்டும் வாசிப்பேன். ஒரு பக்கம் மட்டும் கேட்கிற தொலைபேசிப் பேச்சு மாதிரி இருக்கும். இரண்டு வரியும் சேர்ந்து, நேரில், ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மெல்பர்ன் 880 கிலோமீட்டர். கைக்குழந்தையோடு ஒரே நாளில் ஓட்டாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, பால் கொடுத்து, கீழே உருளவிட்டு எடுத்தோம். ஹோல்புரூக் என்ற சின்ன ஊரில், கடல் வாடையே இல்லாத புல்வெளியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. அதன் நிழலில் பால் கொடுத்தேன். ஆல்பரியில் மோட்டல், 115 டாலர், தொட்டில் இலவசம். ராத்திரி முழுக்க யாழினி மூச்சுவிடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மார்களுக்கு இது புரியும்.

ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்குப் பிரன்ஸ்விக் போய்ச் சேர்ந்தோம். கச்சேரி ஒரு பப்பின் பின்கூடத்தில். பின்னால் கருங்கல் பாவிய சந்து. அங்கே ஏழெட்டுப் பெற்றோர்கள் தெர்மாஸோடு காத்திருந்தார்கள். வாசலில் நின்ற தாடிக்காரர் என்னையும் இடுப்பில் இருந்த யாழினியையும் பார்த்துவிட்டு, “பிள்ளைகளை விட வந்தவங்க அந்தப் பக்கம் நிக்கலாம்” என்றார். டிக்கெட்டைக் காட்டினேன். அவர் காது வரை சிவந்துவிட்டது. பிறகு விதியைச் சொன்னார்: வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. பிள்ளைகள் நடுவில் நழுவிப் போய்க் குடித்துவிட்டு வருகிறார்களாம். யாருக்கும் விலக்கில்லை.

அந்தப் பாண்ட் மேடையேறுவது நாலு மணிக்கு. மூன்றே முக்காலுக்குப் பால் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம் என்று காரில் காத்திருந்தோம். நேரம் வந்தபோது யாழினி அசந்து தூங்கிவிட்டாள். எழுப்ப மனம் வரவில்லை. முன்பே கறந்து வைத்திருந்த பால் பாட்டிலைக் கார்த்திக்கிடம் கொடுத்தேன்.

“எழுந்தா குடிச்சிடுவா இல்ல?”

“போன வாரம் குடிச்சாளே. நீ போ. சட்டி உருட்டுறதைக் கேட்டுட்டு வா.”

உள்ளே இருநூறு பிள்ளைகள். நான்தான் வயதில் மூத்தவள் என்று நினைக்கிறேன். காதில் பஞ்சு, தோளில் பால் துடைக்கும் துணியோடு நின்றேன், எடுத்து வைக்க மறந்துவிட்டேன். முதல் பாட்டு இடித்தபோது நெஞ்செலும்பு அதிர்ந்தது. என் பாட்டு கடைசியில்தான் வரும், எப்போதும் அப்படித்தான். மூன்றாவது பாட்டில் பைக்குள் போன் அதிர்ந்தது. கார்த்திக்கின் மெசேஜ்: “குடிக்க மாட்டேங்கறா. சமாளிக்கிறேன். நீ இரு.”

கார்த்திக் ‘சமாளிக்கிறேன்’ என்று எழுதினால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம். இன்னும் அரை பாட்டு நின்றேன். என் உடம்பு எனக்கு முன்பே முடிவு செய்துவிட்டது, பால் சுரந்து சட்டை நனைந்திருந்தது. தாடிக்காரர் கதவைப் பிடித்தபடி, “ரூல் தெரியுமில்ல?” என்று கேட்டார். தலையாட்டினேன்.

சந்தில் யாழினி முகம் நீலம் பாயும் அளவுக்கு அழுதுகொண்டிருந்தாள். அவளைக் கார்த்திக்கும் இன்னொரு பெண்மணியும் மாறி மாறித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்மணி என்னைக் கண்டதும் தன் மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாங்கோ பிள்ளை, இந்தக் கதிரையில இருங்கோ. பாவம், பசியில துடிச்சுப் போட்டாள்.”

வசந்தி அக்கா. மெல்பர்ன் புறநகரான டாண்டினாங்கில் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். பதினாறு வயது மகள் ஆரணியைக் கூட்டிப்போக வந்திருந்தார். சால்வையால் என்னை மறைத்துக்கொண்டு நின்றார். யாழினி குடிக்கத் தொடங்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் தும் தும் என்று டிரம்ஸ்.

“என்ர மகளும் வீட்டில இதைத்தான் வாசிக்கிறாள். ஏன் பிள்ளை இப்பிடிக் கத்துறாங்கள்? ஆரும் அடிச்சவையோ?”

சிரித்துவிட்டேன். கோத்தன்பர்க் கதையைச் சொன்னேன். கத்தலுக்கு மேலே கிட்டார் பாடும், அதைக் கேளுங்கள் என்றேன்.

“எங்க பாடுது? எனக்கு இடி மட்டும்தான் கேக்குது.”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. தடித்த செங்கல் சுவர். டிரம்ஸும் பேஸும் தாண்டி வருகின்றன. கிட்டார் உள்ளேயே நின்றுவிடுகிறது. எதற்காக வந்தேனோ அது மட்டும் வெளியே வருவதில்லை.

பிறகு அந்த டிரம்ஸ் தொடக்கம் வந்தது. நான்கு அடி, ஒரு இடைவெளி, மறுபடி நான்கு. கடைசிப் பாட்டு. வாசல் இருபது அடி தூரம். மடியில் யாழினி, பாதிப் பாலில். கண்ணை மூடிக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கிட்டார் தொடங்கும் இடத்தைக் கணக்குப் பண்ணி, என் வரியை முணுமுணுத்தேன்.

வசந்தி அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பிழையாப் பாடுறீங்கள் பிள்ளை. அது இன்னும் மேல போகோணும்.”

“உங்களுக்கு இது தெரியுமா?”

“ரெண்டு வருசமா அறைக் கதவைப் பூட்டிப்போட்டு நெடுக இதைத்தானே வாசிக்கிறாள். நான் குசினியில சமைச்சுக்கொண்டு நிண்டு கேட்டுக் கேட்டுக் காது தேஞ்சு போச்சு. இஞ்ச, இப்பிடி” என்று பாடிக் காட்டினார்.

மேல் வரி. ப்ரியாவின் வரி. சுருதி கொஞ்சம் ஏறியிருந்தது, இரண்டு இடத்தில் வழுக்கியது, ஆனால் அதேதான். ஆரணிக்கும் கூட வாசிக்க யாருமில்லை போலிருக்கிறது. அந்த வீட்டில் மேல் பாதி மட்டும், எங்கள் வீட்டில் கீழ் பாதி மட்டும்.

“அக்கா, நிறுத்தாதீங்க. நான் தப்பாவே பாடறேன். நீங்க சரியாப் பாடுங்க.”

“என்ன விசர்க் கதை இது” என்றார். ஆனாலும் பாடினார். நான் கீழே சேர்ந்துகொண்டேன். முதல் சுற்றில் அவர் தடுமாறி என் வரிக்கு இழுபட்டார். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டார். சுவர் எங்களுக்குத் தாளம் போட்டது. யாழினி குடிப்பதை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள். கார்த்திக் பால் பாட்டிலோடு அப்படியே நின்றார். எத்தனை சுற்று பாடினோம் என்று தெரியாது. டிரம்ஸ் நின்றதும் நாங்களும் நின்றோம்.

“இது நல்லாத்தானே இருக்கு. இதையா உள்ள அப்படி வாசிக்கறாங்க?” என்றார் கார்த்திக்.

கதவு திறந்து பிள்ளைகள் வியர்வையோடு கொட்டினார்கள். கறுப்புச் சட்டையில் ஆரணி வந்தாள், காது அடைத்துப்போனதில் கத்திப் பேசினாள்: “அம்மா! வேர் யூ சிங்கிங்? இன் பப்ளிக்?”

“இந்த அக்காதான் பாடச் சொன்னவ. அவவுக்கு நீ வாசிக்கிறது வடிவாத் தெரியேல்ல, கொஞ்சம் கீழ பாடுறா.”

ஆரணி என் பக்கம் திரும்பினாள். பால் கறையையும் துணியையும் தாண்டி, கிட்டார் கம்பி அழுத்திக் காய்த்துப்போன என் விரல் நுனிகளைப் பார்த்தாள். “யூ ப்ளே த லோ பார்ட்?” என்று மெதுவாகக் கேட்டாள். அதுவரைக்கும் அவள் குரல் அவ்வளவு தணிந்திருக்கவில்லை. ஆமாம், கீழ் வரிதான் என்றேன். தன் போன் நம்பரை என் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை யாரா ஆற்றங்கரையில் கொஞ்சம் நடந்தோம், மறுபடி ஆல்பரியில் தங்கி, செவ்வாய் வீடு திரும்பிவிட்டோம். போக வர பெட்ரோல் ஏறக்குறைய 210 டாலர். போக நினைக்கும் தாய்மார்களுக்கு: மதியக் கச்சேரியில் இடையில் வெளியே போய் வர விடுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுத்துவிட்டுப் போங்கள். மேடையில் அந்தப் பாட்டை நான் கேட்கவில்லை, இனிக் கேட்கப் போவதும் இல்லை.

விமானத்தில் மெல்பர்ன் ஒன்றரை மணி நேரம்தான். டிசம்பர் பள்ளி விடுமுறையில் வரச் சொல்லி ஆரணி மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். மடியில் குழந்தையோடு போகிறவர்கள் கிட்டாரையும் கூடவே எடுத்துப்போக விடுவார்களா? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.