அண்ணி ஆடிய டாங்கிச் சண்டை

இங்கிலாந்துக்கு வந்து சில வருடங்கள் ஆகியும் எனக்கு வினோதமாகவே இருக்கும் காட்சி ஒன்று உண்டு. சனிக்கிழமை பிற்பகல்களில், எங்கள் தெருமுனைத் தேவாலயக் கூடத்தில், நரைத்த தாடிக்காரர்கள் பெரிய மேசையைச் சுற்றி நின்று, பேரீச்சங்கொட்டை அளவு ஈயப் பொம்மை டாங்கிகளை டேப் பிடித்து அளந்து நகர்த்துவார்கள். பகடை உருட்டி, குண்டு பட்டதா இல்லையா என்று வாதாடுவார்கள். தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த பீட்டர்தான் என்னை அங்கே கூட்டிப்போனார். "நீ எந்தப் பக்கம்?" என்று அவர் கேட்டதும், "திருவண்ணாமலைப் பக்கம்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ரஷ்ய டாங்கிகளைக் கொடுத்தார்.

எண்பதுகளின் நடுவில் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, சொந்தமாக வாங்கிய டாங்கிகளை ஒரு பெட்டியில் எடுத்துப்போனேன், அண்ணனுக்காக. எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு நடந்த போரில் நிஜ டாங்கி ஓட்டியவர் அவர். ராணுவத்திலிருந்து வந்தபின் கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். போரைப் பற்றிக் கேட்டால், "ஒரே தூசுடா" என்பதோடு சரி.

வீட்டுக் கூடத்தில் போர்வையை விரித்து, அடியில் தலையணையைச் செருகி ஒரு மலை எழுப்பினேன். அண்ணன் ஒரு டாங்கியை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "இதுக்குள்ள நாலு பேரு இருப்பாங்கடா" என்று கீழே வைத்துவிட்டார். "நான் ஆடல. உங்க அண்ணிகூட ஆடு."

அண்ணி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். கடைசியில் யாரிடம் அதிக டாங்கி மிஞ்சுகிறதோ அவருக்கு வெற்றி என்று விதியைச் சொன்னேன். அவர் தன் பங்கு டாங்கிகள் எல்லாவற்றையும் மலைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்திவிட்டார்.

"அண்ணி, வெளிய வந்தாத்தான் சண்ட."

"எதுக்கு தம்பி? நல்லாத்தானே இருக்குறாங்க."

மலையைச் சுற்றி நான் அனுப்பிய டாங்கிகள், திரும்பும் முனையில் ஒவ்வொன்றாக அவருடைய பகடைக்கு விழுந்தன. "தம்பி கிரிவலம் வருது" என்றார் அண்ணி. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த அண்ணன் என்னருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இப்படிப் போ, அப்படிப் போ என்று சொல்ல ஆரம்பித்தார். இருவரும் சேர்ந்தே தோற்றோம். அண்ணியிடம் ஒன்றுகூடக் குறையவில்லை.

"சண்ட நடந்தப்ப ரேடியோ முன்னால உக்காந்துனு இதத்தான் வேண்டிக்கினேன்" என்றார் அண்ணி. "ஜெயிக்கறதெல்லாம் வேணாம், எங்கனா பின்னால நின்னுக்கட்டும்னு."

"நான் நிக்கலியே" என்றார் அண்ணன்.

"தெரியும். சொல்லு, இன்னா ஆச்சி?"

அவர் சொன்னார். டாங்கி சேற்றில் புதைந்தது, கூட இருந்த ஒருவன் திரும்பாதது, இன்ஜின் சூட்டில் டீ வைத்துக் குடித்தது எல்லாவற்றையும் முதல்முறையாகச் சொன்னார். "டீக்குச் சக்கர ஏது?" என்று அண்ணி கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தார். அன்று அடுப்பு வெகுநேரம் மூட்டப்படவில்லை.

நான் கிளம்பும்போது அண்ணி ஒரு டாங்கியை மட்டும் தரவில்லை. ரேடியோமேல் வைத்துக்கொண்டார்.

இங்கே திரும்பிய வாரம், பீட்டர் என் பெட்டியைப் பார்த்து, "ஒன்று குறைகிறதே, தொலைந்துவிட்டதா?" என்றார்.

"இல்லை, வீட்டில் இருக்கிறது."

என் வீடு இரண்டு தெரு தள்ளி இருப்பது அவருக்குத் தெரியும். "அப்படியானால் ஒரு நடை போய் எடுத்து வந்துவிடேன், காத்திருக்கிறோம்" என்றார்.

நான் எழுந்து கோட்டுகூட மாட்டிக்கொண்டேன். அந்த வீடு கடல் தாண்டி இருப்பது வாசலில்தான் உறைத்தது.