முழுக் கருப்பட்டியும் உடைத்த கருப்பட்டியும்

ஒன்றாம் வகுப்பு ஆசிரியரின் வேலையில் பாடம் நடத்துவது கொஞ்சம்தான். பிள்ளைக்கு இன்னும் வயசாகவில்லை என்று பெற்றவர்களுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. தொண்ணூறுகளில் பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் நான் பட்டது இது. என்னைப் போலவே சாக்பீஸ் தூளைத் தின்று காலம் தள்ளிய வாத்தியார்களான உங்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

காதைத் தொட்ட கை

ஜூன் மாதச் சேர்க்கை. வலது கை தலைக்கு மேலாகப் போய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. மார்க்கெட்டில் கருப்பட்டிக் கடை வைத்திருந்த ஆறுமுகம் அண்ணாச்சி, மகள் இசக்கியை அழைத்து வந்தார். நாலரை வயதுதான் என்று அவரே சொல்லியிருந்தார். கை எட்டவில்லை. உடனே அவள் தலையைத் தோள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். விரல் நுனி காதில் பட்டது. தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அண்ணாச்சி அவரிடம் சொன்னார்:

“தொட்டுட்டால்லா, அஞ்சுன்னு எழுதுங்க சார். படிக்கப் படிக்க வயசு தன்னால வந்துரும்.”

தம்ளரும் பாட்டிலும்

ஆசிரியர் பயிற்சியில் படித்ததை ஒருநாள் செய்து பார்த்தேன். ஒரே மாதிரி இரண்டு தம்ளர்களில் சமமாகத் தண்ணீர். ‘சமம்’ என்றாள் இசக்கி. ஒன்றை அவள் கண்ணெதிரிலேயே ஒல்லியான பாட்டிலில் ஊற்றினேன். இப்போது பாட்டிலில்தான் கூட என்றாள். திரும்பத் தம்ளரில் ஊற்றினால் சமம். பாட்டிலில் ஊற்றினால் கூட.

அந்த வயதில் கண்ணுக்கு உயரமாகத் தெரிவதுதான் அதிகம். அளவு மாறவில்லை என்று கண்டுகொள்ள ஆறு, ஏழு வயதாகும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏழு தடவை ஊற்றினேன். வாசலில் நின்று பார்த்த இரண்டாம் வகுப்பு ஞானம் டீச்சர் கேட்டார்:

“சார், அவ படிக்காளா, நீங்க படிக்கியளா?”

கடையில் நடந்த பரீட்சை

வருஷக் கடைசியில், எது கூட, எது குறைவு என்று இசக்கிக்கு இன்னும் பிடிபடவில்லை, இன்னொரு வருஷம் ஒன்றாம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று எழுதினேன். அன்று மாலை அண்ணாச்சி, கடைக்கு வந்தவர்கள் முன்னால் ஒரு கருப்பட்டியை நாலாக உடைத்து, பக்கத்தில் அதே அளவில் முழுசு ஒன்றை வைத்து, எது கூட என்று அவளைக் கேட்டிருக்கிறார். உடைத்ததைக் காட்டினாளாம். கடையே சிரித்திருக்கிறது.

மறுநாள் காலையில் வந்து நின்றார். “அஞ்சுன்னு நாமதான் எழுதினோம் அண்ணாச்சி. அவ புத்திக்கு அது தெரியாதே” என்றேன். படிப்பை நிறுத்தி, உடன்குடியில் தன் தங்கையின் கைக்குழந்தைக்குத் துணையாக விடப்போவதாகச் சொன்னார். கெஞ்சித்தான் கெடு வாங்கினேன்.

“ஒரே வருசம் சார். அப்பவும் இதே பதில்னா, அங்கன போயி தொட்டில் ஆட்டட்டும்.”

ரெண்டும் ஒண்ணுதான்

பயத்தில் தப்பு செய்தேன். எதைக் கேட்டாலும் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று சொல்ல அவளைப் பழக்கினேன். ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டாள். பத்துப் புளியங்கொட்டையா, ஒரு கொட்டையா? ரெண்டும் ஒண்ணுதான். யானையா, எலியா? ரெண்டும் ஒண்ணுதான். வகுப்புக்கு வந்த தலைமையாசிரியர், “நான் பெரிய ஆளா, உங்க சார் பெரிய ஆளா?” என்று அவளைக் கேட்டார். அதற்கும் அதேதான். வெளியே போகும்போது என் காதருகே சொன்னார்:

“நல்லாத்தான் பழக்கியிருக்கீரு வே, கிளி ஜோசியக்காரன் தோத்தான்.”

கெடு முடிந்த நாள்

அன்றோடு பழக்குவதை விட்டேன். புளியங்கொட்டைகளை அவள் கையிலேயே கொடுத்தேன். பரப்புவாள், குவிப்பாள், எண்ணுவாள், மறுபடி பரப்புவாள். மாதங்கள் போயின.

மார்ச்சில் அண்ணாச்சி ஓலைப்பெட்டியோடு வகுப்புக்கே வந்துவிட்டார். என் மேஜையில் இரண்டு கருப்பட்டிகளை வைத்து, ஒன்றை ஓங்கி அடித்து உடைத்தார். “எது கூட, சொல்லு.”

“முழுசு” என்றாள் இசக்கி. அண்ணாச்சி பெட்டியை மூடினார். இசக்கி விடவில்லை:

“மொதல்ல ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா. உடைச்சா எப்படிக் கூடும்? நீங்க அடிச்சதுல தூளு கீழ சிந்திட்டுல்லா, அதான் முழுசு கூட.”

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். கருப்பட்டித் தூள் சிந்திக் கிடந்தது. நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

“சேதாரம் வரைக்கும் சொல்லுதாளே! இதை எப்படி சார் சொல்லிக் குடுத்திய?”

ஆறு வயதுக்கு மேல் வர வேண்டிய புத்தி ஆறு வயதுக்கு மேல் தானாக வந்தது. அதற்கு எனக்குக் கிடைத்தது ஒரு கருப்பட்டி, அதுவும் உடைத்தது.